புதுத் தொடக்கங்களும் கடவுள் நம்பிக்கையும்: பங்கு மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்கு அலுவலகத்துக்கு, அதாவது ஊர்க்கோயிலின் அலுவலகத்துக்கு, சான்றிதழ் வாங்க வருபவர்கள், அது கைக்கு வந்த பிறகும் சில நேரம் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள். மாற்றலாகி வந்த குடும்பம், கல்யாண ஓலைக்கு வந்த பெற்றோர், வெளிநாட்டுக்குப் புறப்படும் பையன், கணவரைப் புதைத்து ஒரு மாதமே ஆன அம்மா என்று பலரும் அதில் உண்டு. கேட்க வந்தது காகிதம்தான். கேட்க நினைத்தது வேறு. அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பங்குப் பேரவையிலும் அன்பியம் என்னும் தெருக் குழுவிலும் நெடுநாள் இருந்த, குருவோ துறவியோ அல்லாத ஒரு பொதுநிலையினரின் பதில்கள் இவை. தமிழகக் கத்தோலிக்கப் பங்கு வழக்கத்தை வைத்து எழுதியவை என்பதால், சி.எஸ்.ஐ. சேகரத்தாருக்கும் லுத்தரன் சபையாருக்கும் சில பெயர்களும் சட்டங்களும் மாறும்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறோம். பங்கில் சேர என்ன செய்ய வேண்டும்?

திருச்சபைச் சட்டப்படி பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் குடிவந்த நாளிலிருந்தே அந்தப் பங்குத்தந்தை உங்கள் மேய்ப்பர். மூன்று மாதமாவது இருப்போம் என்று வந்தவர்களுக்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும்கூட இது பொருந்தும். "நாங்கள் இன்னும் பங்கில் சேரவில்லை, அதனால் நோயில் பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) ஃபாதரைக் கூப்பிடத் தயக்கமாக இருந்தது" என்று ஒரு வீட்டில் சொன்னபோது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. கூப்பிடுங்கள். அது உங்கள் உரிமை.

நடைமுறையில் ஒரு பதிவு தேவைதான். பழைய பங்கிலிருந்து ஒரு கடிதம், குடும்ப அட்டை இருந்தால் அதன் நகல், எல்லோருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பழைய பங்கில் சந்தா பாக்கி இருந்தால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். போய்ப் பேசினால் தீராத பாக்கியை நான் பார்த்ததில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் மாற்ற முடியாது. எந்தக் கோயிலில் திருமுழுக்குப் பெற்றீர்களோ அங்கேதான் அது இருக்கும். உங்கள் உறுதிபூசுதலும் (திருமுழுக்குக்குப் பிறகு பெறும் அருளடையாளம்) திருமணமும் அந்த வரியின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். நீங்கள் எத்தனை ஊர் மாறினாலும் அந்த ஒரு வரி இடம் மாறாது.

பதிவு முடிந்ததும் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, நற்செய்தி வாசித்துச் செபிக்கிற சிறு கூட்டம் அது. முதல் கூட்டத்தில் சுண்டலும் சிரிப்புமாக இருக்கும், யார் யாருக்கு உறவு என்றே உங்களுக்குப் புரியாது. மூன்றாவது கூட்டத்துக்குள் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். அது தொந்தரவாகத் தெரியும் நாளும் உண்டு, உயிர் காக்கும் நாளும் உண்டு.

கடவுளை நம்பித் தொடங்கினால் வெற்றி நிச்சயம்தானே?

இல்லை. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவது நல்லது.

கல்யாண அட்டையிலும் கடைத் திறப்பு அழைப்பிதழிலும் நாம் அதிகம் அச்சடிக்கிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களுக்காக நான் வகுத்திருக்கும் திட்டங்கள் கேட்டுக்கானவை அல்ல, நல்வாழ்வுக்கானவை என்று ஆண்டவர் சொல்லும் இடம். அது யாருக்கு எழுதிய கடிதம் என்பதை அட்டையில் யாரும் போடுவதில்லை. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற இறைவாக்கினர் வந்து, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும், திரும்பி வந்துவிடுவார்கள் என்று கோயிலில் வைத்து அறிவிக்கிறார். மக்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா அது பொய் என்கிறார். இரண்டு ஆண்டு இல்லை, 70 ஆண்டு என்கிறார். கடிதத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்ப மாட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

அப்படியானால் கடவுளின் நல்ல திட்டம் என்ன? கடிதத்திலேயே இருக்கிறது: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நிய நகரின் நலனுக்காக மன்றாடுங்கள். ஒரு கத்தரிச் செடி காய்க்க எடுக்கும் நாட்களையும் நாடு திரும்ப எடுக்கும் நாட்களையும் ஒரே மூச்சில் சொல்கிற கடிதம் அது. கேட்டது கிடைக்காத ஊரில் குடித்தனம் நடத்தும் துணிச்சலையே எரேமியா நம்பிக்கை என்கிறார்.

நம் மண்ணிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, வீட்டில் இழப்புமேல் இழப்பு வந்த காலத்தில் டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைக் கேட்டார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அந்தப் புதிய தொடக்கத்துக்குப் பிறகு அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. 1749இல் கைதானார், சித்திரவதைப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. திருமுழுக்குக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே 277 ஆண்டுகள். வெற்றியை எந்தத் தேதியில் நின்று அளப்பீர்கள்?

கடவுளை நம்பினால் தொழில் செழிக்கும் என்று மேடையில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கடவுள் கைவிட மாட்டார் என்பதை நம்புகிறேன். இரண்டும் வேறு வேறு கூற்றுகள்.

எனக்குப் பயமாகவே இருக்கிறது. இது நம்பிக்கைக் குறைவா?

நீ இயேசுவைப் பெற்றெடுப்பாய் என்று சொல்ல வானதூதர் வந்து நின்றபோது மரியா கலங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். இது எப்படி நடக்கும் என்று கேள்வியும் கேட்டார். சரி என்று சொன்ன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தோடு ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். உறவுக்காரப் பெண், வயதில் மூத்தவர், அவரும் எதிர்பாராமல் கருவுற்றிருந்தவர். மரியா தேடிப்போன துணையைப் பாருங்கள்: அதே நிலையில் இருந்த இன்னொரு பெண்!

பங்கில் இதை அப்படியே செய்யலாம். முதல் பிரசவத்துக்குப் பயப்படும் பெண்ணுக்கு மறையுரையைவிட, சென்ற வருடம் பெற்றெடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணே அதிகம் உதவுவார்.

உங்களால் நம்ப முடியாத நாளுக்கென்று மாற்கு நற்செய்தியில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று 9ஆம் அதிகாரம். பிள்ளைக்கு நோய், தகப்பன் இயேசுவிடம், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்கிறார். இயேசு அவரைத் திட்டவில்லை. இன்னொன்று 2ஆம் அதிகாரம். கப்பர்நாகுமில் முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு "அவர்களுடைய" நம்பிக்கையைக் கண்டு பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவர் ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. அன்றைக்கு அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்பதுகூட நமக்குத் தெரியாது. தூக்கிவந்தவர்களுக்கு இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

பங்கு எதற்கு, வீட்டிலிருந்தே செபித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் இந்த நான்கு பேர்தான். இன்று நீங்கள் கட்டிலில் இருக்கலாம். அடுத்த வருடம் ஒரு முனையைப் பிடிக்க வேண்டி வரும்.

கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறேன். ரொம்பக் கணக்குப் பார்ப்பது கடவுளை நம்பாதது போலாகுமா?

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று கேட்டவர் இயேசுதான் (லூக்கா 14). வட்டி விகிதத்தைப் பாருங்கள். கூட்டாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அவர் திருமுழுக்கில் உங்களுக்குப் பொறுப்பேற்ற ஞானத்தந்தையாகவே இருந்தாலும். வீட்டுக்காரம்மாவின் நகையை அடகு வைப்பதானால் முதலில் அவரிடம் கேளுங்கள். "சாமி பார்த்துக்கொள்வார்" என்ற வார்த்தை பல வீடுகளில் மனைவியின் கேள்வியை அடக்கவே பயன்படுகிறது. கோயிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குப் பக்தி என்று பெயர் இல்லை.

டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கிறோம். அதில் வந்த வசனம் அந்த ஆண்டுக்கான கடவுளின் வார்த்தையா?

இது முதலில் சீர்திருத்த சபைகளின் வழக்கமாகத் தமிழ்நாட்டில் பரவியது, இப்போது நம் பங்குகளிலும் தட்டில் சுருட்டி வைத்துத் தருகிறார்கள். ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் மனத்தில் வைத்துச் செபிப்பதில் தவறே இல்லை, நல்ல பழக்கம். அதைக் குறி பார்ப்பதாக ஆக்கினால்தான் சிக்கல். "போன வருஷம் சுகம் தருவேன்னு வந்துச்சு, ஆனா அப்பா போய்ட்டாரே" என்று அழுத பிள்ளைக்கு அந்தச் சீட்டை எழுதியவர் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று, தட்டில் இருப்பவை எல்லாம் பொறுக்கியெடுத்த இனிப்பு வசனங்கள். இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் திருப்பாடல் 88ஐ யாரும் சுருட்டி வைப்பதில்லை. அதுவும் திருவிவிலியத்தில்தான் இருக்கிறது.

சீட்டு எடுக்கலாம். ஆனால் ஜனவரி 1 திருப்பலியின் முதல் வாசகத்தைக் கவனித்துக் கேளுங்கள். எண்ணிக்கை நூல் 6ஆம் அதிகாரம்: ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக என்று தொடங்கும் ஆரோனின் ஆசியுரை. ஒவ்வோர் ஆண்டும் அதே வாசகம்தான், குலுக்கல் கிடையாது, கோயிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான். அன்று மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா, 1968 முதல் உலக அமைதி நாளும்கூட. கோயிலின் ஆண்டு உண்மையில் ஜனவரியில் பிறப்பதில்லை, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் பிறக்கிறது. பட்டாசு இல்லாமல், ஊதா உடையில், காத்திருப்பதைப் பற்றிய வாசகங்களோடு தொடங்குகிறது. எனக்கு அந்தத் தொடக்கம்தான் பிடிக்கும்.

நல்ல நேரம், ராகு காலம் பார்க்கலாமா? ஆடியில் புதுமனை புகலாமா?

சோதிடம், நாள் பார்த்தல், குறி கேட்டல் எல்லாம் முதல் கட்டளைக்கு எதிரானவை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகச் சொல்கிறது. ஆடியில் தாராளமாகப் பால் காய்ச்சலாம். வாடகை வீடு பேசுகிறவர்களுக்கு ஆடி வசதியான மாதம், போட்டி குறைவு.

சட்டம் எளிது, வீடு அவ்வளவு எளிதில்லை. சம்பந்தி வீட்டார் இந்துக்களாக இருக்கலாம். அல்லது மூன்று தலைமுறைக் கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு, திருமணத் திருப்பலி நேரத்தைப் பத்தரை மணிக்கு மேல் தள்ளச் சொல்லி, காரணத்தை மட்டும் சொல்லாமல் இருக்கலாம். இதற்காகக் கல்யாண வீட்டில் சண்டை வளர்ப்பதைவிடக் கோயிலில் எந்த நேரம் கிடைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ராகு காலம் இருக்கிறதா என்று நீங்களும் பார்க்க வேண்டாம், இல்லையே என்று நிம்மதியும் பட வேண்டாம். பெரியவர்களின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அந்தப் பயம்.

வீடு மந்திரிப்பு கட்டாயமா? வாடகை வீட்டுக்கும் உண்டா?

கட்டாயமில்லை, வாடகை வீட்டுக்கும் உண்டு. ஃபாதர் வந்து வாசகம் படித்து, ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளித்துச் செபிப்பார். பலரும் அன்றைக்கே திரு இருதய ஆண்டவர் படத்தை நடுக்கூடத்தில் மாட்டுவார்கள். மந்திரித்தால் வீட்டில் கெட்டது நடக்காது என்று பொருள் இல்லை. மந்திரிப்புக்கு வரும் அன்பியத்தாருக்கு உங்கள் வீட்டு வழி தெரிந்துவிடும் என்பது உறுதி.

திருமணத்துக்கு இவ்வளவு காகிதமும் பயிற்சியும் எதற்கு? இருவரும் நம்பிக்கையோடுதானே வருகிறோம்?

நம்பிக்கையோடு வருகிறீர்கள் என்பதால்தான். சமீபத்தில் வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழ், சொந்தப் பங்கின் கடிதம், திருமண முன்தயாரிப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு, மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பும் உண்டு. ஓலை வாசிக்கும்போது பையனும் பெண்ணும் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். தடை இருந்தால் தெரிவிக்கச் சொல்லும் அறிவிப்புத்தான் அது. ஆனால் அந்த மூன்று ஞாயிறும் ஊரே உங்கள் பெயரைக் கேட்கிறது, பலர் அங்கேயே உங்களுக்காக ஒரு செபம் சொல்லிவிடுகிறார்கள். பயிற்சி வகுப்பில் குடும்ப வரவுசெலவு, மாமியார் வீடு, குழந்தைப் பேறு, குடி எல்லாம் பேசுவார்கள். தூங்காமல் கேட்டால் பயன் உண்டு. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நம் பங்குகளில் வழக்கமாகத் திருமணம் வைப்பதில்லை என்பதால் மண்டபம் பிடிக்கும் முன் அலுவலகத்தைக் கேளுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வந்து கெஞ்சுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மணமக்களில் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் மறைமாவட்ட ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அதற்காக அவரைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றத் தேவையில்லை, செய்யவும் கூடாது. கத்தோலிக்கத் தரப்புதான், தன் நம்பிக்கையைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கு இன்னொருவருக்குத் தெரியாமல் கொடுக்கப்படக் கூடாது. மறைத்துக் கொடுத்தால் திருமணம் பொய்யோடு தொடங்கும்.

ஒன்றும் புரியாத குழந்தைக்கு எதற்கு ஞானஸ்நானம்? வளர்ந்து தானே முடிவு செய்யட்டுமே?

நியாயமான கேள்வி, படித்த இளம் பெற்றோர் இப்போது அதிகம் கேட்கிறார்கள். கப்பர்நாகும் கட்டிலை நினைத்துப் பாருங்கள். குழந்தையும் தூக்கிவரப்படுகிறது, நம்புகிறவர்கள் தூக்கிவருகிறார்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் பெற்றோருக்குச் சொல்கிறது. அதே சட்டம், குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அடிப்படை அறவே இல்லையென்றால் பங்குத்தந்தை காரணம் சொல்லித் தள்ளிவைக்கலாம். விழாவுக்கு மண்டபம் பிடித்தாயிற்று என்பது அடிப்படை ஆகாது.

ஞானப் பெற்றோர் விஷயத்தில் கறாராக இருங்கள். 16 வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்று, நம்பிக்கையில் வாழ்கிற கத்தோலிக்கர் வேண்டும். ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வெளிநாட்டிலிருந்து தங்கச் சங்கிலி அனுப்புவார் என்பதற்காக, பிள்ளையை இனி எப்போது பார்ப்பார் என்றே தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்துத் தெருவில், ஞாயிறுதோறும் பிள்ளையைக் கோயிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் கூடிய ஓர் அத்தை இருப்பார். அவரைக் கேளுங்கள்.

எங்கள் பங்குத்தந்தையை மாற்றிவிட்டார்கள். பழைய ஃபாதர் போன பிறகு கோயிலுக்குப் போகவே பிடிக்கவில்லை.

புரிகிறது. உங்கள் அப்பாவை அடக்கம் செய்தவர், பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தவர் அவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த வருத்தம் எல்லாப் பங்குக்கும் வரும். பிரிவு விழாவில் அழுங்கள், தடையில்லை. ஆயர் இல்லத்துக்குப் பேருந்து பிடித்துப் போய் மறியல் செய்வதைத்தான் தவிருங்கள். புது ஃபாதர் நம் ஊருக்குள் நுழையும் முன்பே தாம் வேண்டாதவர் என்று தெரிந்துகொண்டு வருவார். அவருக்கும் இது ஒரு புதுத் தொடக்கம், பெரும்பாலும் பெட்டியும் புத்தகங்களும் மட்டும் கொண்டு, யாரையும் தெரியாத ஊருக்கு வருகிறார்.

எதிர்நோக்கைப் பொருளாகக் கொண்ட யூபிலி என்னும் புனித ஆண்டை 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், ரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து தொடங்கிவைத்தார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறந்தார். மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டு, 2026 ஜனவரி 6 அன்று அதே கதவை அவர் மூடினார். ஒருவர் தொடங்கிய புனித ஆண்டை இன்னொருவர் முடித்தது அதற்கு முன் 1700இல்தான் நடந்தது. ரோமையிலேயே அப்படி என்றால், நம் பங்கில் பாதி கட்டிய மணிக்கூண்டைப் புது ஃபாதர் முடிக்கலாம். அவர் அதை வேறு நிறத்தில் பூசுவார், அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன், இன்னும் கேட்டது நடக்கவில்லை. நேர்ச்சையைச் செலுத்துவதா வேண்டாமா?

"வேலை கிடைத்தால் மொட்டை போடுகிறேன்" என்பது நிபந்தனையோடு செய்த நேர்ச்சை, நிபந்தனை நிறைவேறும்வரை உங்களைக் கட்டுப்படுத்தாது. செய்ய முடியாத அளவுக்கு நேர்ந்துவிட்டிருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், அதை மாற்றித்தர வழி இருக்கிறது. கடவுளோடு பேரம் பேசுவது கேவலம் என்று சிலர் இதைப் பழிப்பார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பழைய ஏற்பாட்டில் யாக்கோபு, உண்ண உணவும் உடுக்க உடையும் தந்து வழியில் காத்தால் நீரே என் கடவுள் என்று பட்டவர்த்தனமாகப் பேரம் பேசினார், கடவுள் அவரை விட்டுவிடவில்லை. இல்லாதவர் பேசும் பக்தி அப்படித்தான் இருக்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்துபோகிறவர்களில் பலர், கேட்டது கிடைக்காமலேயே மறுவருடமும் நடக்கிறார்கள். அவர்களோடு ஒருநாள் நடந்து பாருங்கள்.

செபித்துத்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் ஆள்குறைப்பில் போய்விட்டது. கடவுள் ஏன் அதைக் கொடுத்தார்?

எனக்குக் காரணம் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவர்களிடமிருந்து தள்ளி இருங்கள். "இதைவிடப் பெரியது வைத்திருக்கிறார்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். பேசத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. "எத்துணை காலம், ஆண்டவரே" என்று தொடங்கும் திருப்பாடல் 13 ஆறே வசனம்தான். கோபத்தோடு படிக்கலாம்.

பங்கு செய்யக் கூடியதைச் சொல்கிறேன். வின்சென்ட் தே பவுல் சபையிடம் சொல்லுங்கள். 1833இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது அது. ஏழைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அதன் முதன்மைப் பணி. நம் ஊரில் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் சத்தமில்லாமல் உதவுகிறார்கள், பெயர் வெளியே வராது. அன்பியத்திலும் சொல்லுங்கள். நம் ஊரில் பல வேலைகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே யாரோ ஒருவரின் மைத்துனருக்குத் தெரிந்திருக்கும். வேலை போனதை மறைத்து, தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு யாரும் உதவ முடிவதில்லை, யாருக்கும் தெரியாதே.

நான் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவள். கிறிஸ்தவளாக விரும்புகிறேன். எவ்வளவு சீக்கிரம் ஞானஸ்நானம் கிடைக்கும்?

சீக்கிரம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. திருமுழுக்குக்கான தயாரிப்பு பல மாதங்கள் நடக்கும். பாஸ்கா திருவிழிப்பு இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவில், திருமுழுக்கும் உறுதிபூசுதலும் நற்கருணையும் ஒன்றாகத் தருவதுதான் தொன்மையான முறை. கல்யாணத்துக்காகவா, நோய் தீர்ந்ததற்காகவா, வேறு எதற்காகவா என்று ஃபாதர் கேட்பார், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டாரிடம் எப்போது எப்படிச் சொல்வது என்பதையும் அவரோடு பேசுங்கள். உங்கள் அம்மாவை அவமதித்துவிட்டு வரச் சொல்லி இயேசுவின் பெயரால் யாரும் கேட்கக் கூடாது. பங்குக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: புதிதாக வந்தவரிடம் சாதி என்ன என்று சுற்றிவளைத்துக் கேட்பதை நிறுத்துங்கள். கல்லறையில்கூடச் சாதிவாரியாகச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. புதியவருக்கு நாம் தரும் முதல் மறைக்கல்வி அந்தக் கேள்வியாக இருந்தால், மற்ற பாடங்கள் எதுவும் ஏறாது.

கணவர் போய்விட்டார். எல்லோரும் "புது வாழ்க்கையைத் தொடங்கு" என்கிறார்கள். நான் கேட்காத தொடக்கம் இது.

ஆமாம். அதைத் தொடக்கம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. விவிலியத்தின் ரூத்து நூலில் வரும் நகோமி, கணவரையும் இரண்டு மகன்களையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பியபோது, என்னை நகோமி என்று அழைக்காதீர்கள், மாரா (கசப்பு) என்று அழையுங்கள், ஆண்டவர் என்னைக் கசப்புறச் செய்தார் என்று ஊர்ப்பெண்களிடமே சொன்னார். அந்தப் பெண்கள் மறுத்துப் பேசியதாக நூலில் இல்லை. அவரோடு வந்த மருமகள் ரூத்து வயலுக்குப் போனாள், கதிர் பொறுக்கினாள், அன்றைய சாப்பாட்டைக் கொண்டுவந்தாள். கடைசி அதிகாரத்தில், ரூத்துக்குப் பிறந்த குழந்தையை நகோமியின் மடியில் பார்த்து, அதற்கு ஓபேது என்று பெயரிட்டவர்கள் அதே ஊர்ப்பெண்கள்தான்.

ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைக்குக் கூட்டம் வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான வெறுமை. அந்த நாட்களில் அன்பியத்தில் யாராவது தினம் எட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. ஓய்வூதியத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் இறப்புச் சான்றிதழ் பல பிரதிகள் தேவைப்படும், அலைய ஓர் இளைஞரைத் துணைக்குக் கேளுங்கள். விசேஷ வீடுகளுக்குப் போகலாமா, பூ வைக்கலாமா என்று தயங்குகிறீர்கள். போங்கள், வையுங்கள். கைம்பெண்ணை ஒதுக்கும் வழக்கத்துக்கு நற்செய்தியில் இடமில்லை. திருமண ஊர்வலத்தில் உங்களை முன்னால் நிறுத்த வேண்டியது பங்கின் கடமை.

வெளிநாடு போகிறேன். அங்கே பங்கு இருக்குமா?

நாட்டைப் பொறுத்தது. துபாய் புனித மரியா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலியே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை உள்ள குவைத் போன்ற நாடுகளில் ஞாயிறு கூட்டம் வெள்ளியன்றே கூடிவிடும். சவூதியில் கோயிலே கிடையாது. அங்கே போகிறவர்கள், எதை எடுத்துச் செல்லலாம், எதைச் செய்யலாம் என்று ஏற்கெனவே அங்கே இருக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, சட்டத்துக்கு உட்பட்டு நடங்கள். ஞானஸ்நானச் சான்றிதழின் அசலை வீட்டில் வைத்துவிட்டு நகல் எடுத்துப் போங்கள். அங்கே திருமணம் பேசும் வாய்ப்பு இருந்தால், நீங்கள் மணமாகாதவர் என்ற பங்குத்தந்தையின் கடிதத்தை இங்கிருந்து அனுப்பிவைப்போம், புறப்படும்போதே வாங்க வேண்டாம், பழையதாகிவிடும்.

புறப்படும் ஞாயிறன்று திருப்பலிக்கு முன் அலுவலகத்தில் பெயர் சொன்னால் இறைமக்கள் மன்றாட்டில் சேர்ப்போம். விமானம் சனிக்கிழமை என்றால் வெள்ளி மாலைப் பூசைக்கு வாருங்கள். முன்தினமே சொல்லிவிடுங்கள், மன்றாட்டு எழுதும் சிஸ்டர் கடைசி நிமிடத்தில் சீட்டு நீட்டினால் கோபிப்பார்.